நூறடிப் பிலிமும் இரண்டு பிள்ளைகளும்

"பிள்ளை எந்தப் பாசையில கரையும்?" என்று தங்கையன் கேட்டார்.

காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்த கிருபாபாய் நிமிர்ந்தாள். பிள்ளை அழுவதற்கு என்ன பாஷை? கேள்வி விளங்கவில்லை.

"பிள்ளை சும்மா கரையும் அண்ணாச்சி. ங்ஙான்னு."

"அந்த ங்ஙா தமிழா மலையாளமா? அதாக்கும் எனக்குத் தெரியணும்."

அவருக்குப் பின்னால் செங்கல் கிராமத்துத் தாய் சேய் நிலையத்தின் முற்றத்தில் இருபது பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

1955ஆம் வருடத் தொடக்கம். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்க டெல்லியில் கமிஷன் உட்கார்ந்திருந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரில் ஒரு பாதி. கேரளத்தோடுதான் இருக்க வேண்டும் என்று மறு பாதி. தங்கையன் முதல் பாதியின் கமிட்டிச் செயலாளர். போன ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், வெளியே வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது.

கிருபாபாய்க்கு எல்லை எங்கே போனாலும் சரி, தன் படம் முடிந்தால் போதும். ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட உலகத் தாய் சேய் நலக் கழகத்தின் படப்பிரிவில் அவள் மூன்று மாதப் பயிற்சியில் இருந்தாள். சம்பளம் கிடையாது. பிரசவ அறைக்குள் ஆண் காமிராக்காரனை விடமாட்டோம் என்று ஊர்ப்பெண்கள் சொன்னதால் கிடைத்த இடம் அது. அதற்காகப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தாள். அந்த வாரமே தலைமையாசிரியர் அந்த இடத்தில் தன் மச்சினியை உட்காரவைத்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா ராஜதாஸ் அவளிடம் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை வேதவசனமாக அம்மாவிடம் சொல்லுவார். வீட்டைவிட்டுப் போன கெட்ட குமாரன் பன்றித் தவிட்டுக்கு ஏங்கிய பகுதி அடிக்கடி வந்தது.

அவளுக்குக் காமிரா கற்றுத்தந்த டென்மார்க்குக்காரி மிஸ் ஹோல்ம், செங்கலில் தென்னந்தடிப் பாலத்தைக் கடக்கும்போது வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டு நெய்யாற்றின்கரை பங்களாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார். கடைசிக் காட்சியைக் கிருபாபாய் தனியாக எடுக்க வேண்டும். மிச்சமிருப்பது நூறடிப் பிலிம். ஓடினால் இரண்டே முக்கால் நிமிடம். எடுக்க வேண்டியது, ஒரு குழந்தையைச் சுத்தமான முறையில் குளிப்பாட்டுவது. நன்றாக வந்தால் டெல்லி அலுவலகத்தில் வேலை. வராவிட்டால் பன்றித் தவிடு.

பேசிவைத்திருந்த குழந்தைக்கு உடம்பெல்லாம் சொறி வந்துவிட்டது. அதனால் நிலையத்து வாசலில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "மூன்று மாத ஆண் குழந்தை ஒன்று தேவை. ஆரோக்கியமாக இருக்க வேண்டும். குளிப்பாட்டித் திருப்பித் தரப்படும்."

தமிழில் மட்டும் எழுதியிருந்தாள். அதுதான் ஆரம்பம்.

ஒரு மணி நேரத்தில் ஐக்கிய கேரளக் கமிட்டிச் செயலாளர் மோகனன் வந்து காகிதத்தைப் படித்தார்.

"டீச்சரே, மலையாளத்துப் பிள்ளை குளிக்கண்டே?"

அவள் மலையாளத்தில் ஒரு காகிதம் எழுதி மேலே ஒட்டினாள். தங்கையன் வந்து, மலையாளம் எதற்கு மேலே என்று கேட்டார். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். இடதுபக்கம்தான் முதலில் படிக்கிற பக்கம் என்றார் மோகனன். இரண்டையும் கிழித்துப் போட்டாள். அப்போது தமிழ்க் காகிதத்தை முதலில் கிழித்ததைத் தங்கையனின் ஆள் ஒருவன் பார்த்துவிட்டான்.

இதற்கிடையில் ஜீப் டிரைவர் செல்லசாமி அமரவிளை சாயாக்கடையில் உட்கார்ந்து, "எங்க படத்த டெல்லியில பெரிய பெரிய ஆளுகள் எல்லாம் பாப்பினும்" என்று சொல்லியிருந்தான். சாயாக்கடையிலிருந்து கிளம்பிய அந்தப் பேச்சு தனுவச்சபுரம் போவதற்குள் 'பெரிய ஆளுகள்' கமிஷன் ஆகிவிட்டார்கள். செங்கலுக்குத் திரும்பி வரும்போது, படத்தில் குளிக்கிற பிள்ளை எந்த மொழிக்காரனோ அந்த மொழிக்குத் தாலுகா என்று தீர்ப்பே எழுதப்பட்டிருந்தது.

"அண்ணாச்சி, இது குளிக்கப் படமாக்கும். எல்லைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது" என்று கிருபாபாய் கெஞ்சினாள்.

"கமிஷன் அப்படித்தான் ரகசியமா செய்வினும்" என்றார் தங்கையன்.

"படத்துல சத்தமே கிடையாது. பிள்ளை எப்படிக் கரைஞ்சாலும் ஒருத்தருக்கும் கேக்காது."

அவர் முகம் மாறியது. இத்தோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். மறுநாள் காலை குளிக்கும் தொட்டிக்குப் பின்னால் நிறுத்துவதற்காக ஆறடிப் பலகை ஒன்று வந்து சேர்ந்தது. "நான் தமிழன்" என்று அதில் எழுதியிருந்தது. பத்து மணிக்கு மோகனனின் பலகை வந்தது. அது ஏழடி.

பலகையே கூடாது என்றாள். இரண்டு மொழியும் பேசுகிற பொதுவான வீட்டுப் பிள்ளையாகப் பார்த்து எடுத்துவிடலாம் என்று நினைத்து, கைக்குழந்தை உள்ள ராஜையா வீட்டுக்குப் போனாள்.

"உங்க வீட்டுல எந்தப் பாசை பேசுவிய?"

ராஜையா யோசித்தார். "சோறு கேக்கது தமிழ்ல. கோர்ட்டுக்குப் போனா மலையாளம். பெஞ்சாதிகூட சண்டை வந்தா கைக்கு எது கிட்டுதோ அது."

"அப்பம் உங்க பிள்ளைதான் பொது. படத்துக்குத் தருவியளா?"

"தரலாம் டீச்சர். ஆனா இப்பம் இல்ல. யாரு ஜெயிப்பான்னு தெரிஞ்ச பெறகு தாறேன்."

அன்று சாயங்காலம் இரண்டு செயலாளர்களும் நிலையத்து முற்றத்தில் நேருக்கு நேர் நின்று சத்தம் போட்டார்கள். கோபம் வந்தால் தங்கையனுக்கு மலையாளம்தான் வாயில் வரும். மோகனனுக்குத் தமிழ். அதனால் வேடிக்கை பார்த்தவர்களுக்கு யார் பக்கம் கைதட்டுவது என்று கொஞ்சநேரம் குழப்பமாக இருந்தது.

கிருபாபாய் நடுவில் புகுந்தாள். "ரெண்டு பிள்ளை எடுப்போம். ஐம்பதடி தமிழ், ஐம்பதடி மலையாளம். போதுமா?"

"எனக்க மவனக் கொண்டுவாறேன்" என்றார் தங்கையன் உடனே.

"எண்டெ மோனும் உண்டு" என்றார் மோகனன்.

"ரெண்டு பிள்ளைக்கும் மூணு மாசம் இருக்குமா?"

இருவருக்கும் தெரியாது. இரண்டு பேரின் மனைவிமாரும் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள். பிள்ளை பிறந்தபோது தங்கையன் சிறையில். மோகனன் திருவனந்தபுரத்துக்கும் பாறசாலைக்கும் நடுவே கமிட்டி வேலையாகப் பஸ்ஸிலேயே குடியிருந்தார். இருட்டறையில் துணிச்சுருளுக்குள் ஒரு தடவை எட்டிப்பார்த்ததோடு சரி.

"நல்ல வளர்த்தி" என்றார் தங்கையன். "ஒரு... பூனைக்க அளவு காணும்."

"மாசக்கணக்கு விலாசினிக்கு அறியாம்" என்று மோகனன் பொறுப்பை மனைவிமேல் போட்டார்.

அடுத்தது, எந்தப் பிள்ளை முதலில்? அகரவரிசை என்றாள் கிருபாபாய். அவள் ஆசிரியையாக இருந்தவள். அவசரத்தில் அதுதான் வந்தது. பிள்ளைகளுக்கு இன்னும் பெயரிடவில்லை. ஆகவே தகப்பன்மார் அங்கேயே பெயரிட்டார்கள்.

"அச்சுதன்" என்றார் மோகனன்.

"அகத்தியன்" என்றார் தங்கையன். ச-வுக்கு முந்தி க.

மோகனன் விரலை மடக்கி எழுத்து எண்ணினார். "அகண்டன்."

"அகண்டனா? அது ஒரு பேரா?"

"அகண்ட கேரளம். ண கழிஞ்சாணு த." ண-வுக்கு அப்புறம்தான் த.

தங்கையன் ஓடிப்போய் ஒரு தமிழாசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அஃகன்" என்றார். ஆய்த எழுத்து, க-வுக்கும் முந்தியது. மலையாளத்தில் கிடையாது. தமிழ்க் கமிட்டி கைதட்டி ஆரவாரித்தது. மோகனன் முகம் கறுத்து, தமிழில், "இது கள்ளத்தனம்!" என்று கத்தினார்.

சேதி அமரவிளைக்கு, தங்கையனின் மனைவி விஜயம்மாவின் காதுக்குப் போனது. "சோத்துக்கு விளிக்க ஒரு பேரு போதும்னு அவிய கிட்ட சொல்லுங்க. அதும் எனக்க வாயில நொழையப்பட்டதா இருக்கட்டும்" என்று அவள் சொல்லியனுப்பினாள்.

கடைசியில் வழக்கைத் தீர்த்தது நிலையத்து நர்ஸ் ஞானபாய். ஐம்பது வயது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லைக்காகச் சண்டை போட்டவர்களில் பாதிப்பேரை உலகத்துக்கு இழுத்துப்போட்டது அவள் கைதான். அதனால் இரண்டு கமிட்டிக்கும் அவளிடம் பயம்.

"எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகலையோ அது மொதல்ல. நான் போய் ரெண்டையும் பாத்துட்டு வாறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வெயில் தாழும்போது திரும்பி வந்தாள். "விலாசினிக்க பிள்ளைக்குச் சளி. செவ்வாய்க்கிழமை விஜயம்மாக்க பிள்ளை. வெள்ளிக்கிழமை விலாசினிக்க பிள்ளை. தாய்மாரு வரமாட்டாவ. இத்தற ஆளுக்கு மத்தியில வந்தா கண்ணேறு படுமாம். பிள்ளைய நானே பெறவாசல் வழியா எடுத்துட்டு வந்து, நானே கொண்டு விடுவேன். அறைக்குள்ள ஆம்பிளை ஒருத்தனும் வரப்படாது. அப்பன்மாரும் ஆம்பிளைதான்."

தன் பிள்ளை கடைசி என்று மோகனன் முணுமுணுத்தார். "ஒடுக்கம் வரதாக்கும் ஆளுகளுக்கு மனசுல நிக்கது சாரே" என்று ஞானபாய் சொன்னதும் சமாதானமானார்.

செவ்வாய்க்கிழமை முற்றத்தில் திருவிழாக் கூட்டம். கதவையும் ஜன்னலையும் சாத்தினாள் கிருபாபாய். கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு வழியாக வந்த வெளிச்சம் நேராகத் தொட்டியில் விழுந்தது. காமிராவுக்குச் சாவி கொடுத்தாள். கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் முறுக்கினால் அரை நிமிடம் ஓடும். பிறகு திரும்ப முறுக்க வேண்டும். தபால்தலை அளவுள்ள கண்ணாடித் துளையில் ஒரு கண்ணை வைத்தாள்.

கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு, தலை நிறைய சுருள் முடி. பிள்ளை தண்ணீரைக் கண்டதும் சிரித்தது. ஞானபாய் முழங்கையால் தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள், தலையைத் தாங்கிப் பிடித்தாள், சோப்புப் போட்டாள். எல்லாம் மிஸ் ஹோல்ம் எழுதித் தந்தபடி. வெளியே "தமிழகம் வெல்க!" என்று முழக்கம் எழுந்தபோது பிள்ளை பயப்படவில்லை. ஞானபாயின் மேல் நேராக மூத்திரம் பெய்தது.

"எடுத்தியா மக்கா?" என்றாள் ஞானபாய்.

"எடுத்தேன் அக்கா."

"அதை வெட்டீரு."

வெள்ளிக்கிழமை மறு கூட்டம், மறு முழக்கம். மோகனனின் பிள்ளைக்குத் தலை மொட்டையடித்து, நெற்றியில் சந்தனம் இட்டு, இடுப்பில் கறுப்புச் சரடு கட்டியிருந்தது. போனதைவிட இது கொஞ்சம் குண்டு என்று கிருபாபாய்க்குப் பட்டது. துளைக்குள் பார்த்தபோது, ரொம்ப நாள் பழகிய ஆளைப் பார்ப்பதுபோல் அது அவளைப் பார்த்தது. இதுவும் ஞானபாயின் மேல் மூத்திரம் பெய்தது. பிள்ளைகள் எந்தப் பாசையானாலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள். நூறடி முடிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுவிட்டாள்.

கதவைத் திறந்தபோது தங்கையன் கையில் ஒரு கடிகாரத்தோடு நின்றார்.

"செவ்வாய்க்கிழமை மிஷின் ஓடின சத்தம் எழுபத்தெட்டு செகண்டு. நான் எண்ணியாச்சு. இன்னிக்கு எண்பத்தாறு. எட்டு செகண்டு எதுக்குக் கூட?"

"இந்தப் பிள்ளைக்குத் துண்டால துவர்த்த நேரம் எடுத்துது அண்ணாச்சி."

"எட்டு செகண்டுல ஒரு வில்லேஜு போவும் டீச்சர்!"

வேறு வழி தெரியாமல் அவள் ஒரு வாக்குக் கொடுத்தாள். பம்பாயில் கழுவி வந்ததும் வெட்டுமுன் படத்தை ஊரார் எல்லோருக்கும் போட்டுக்காட்டுவோம். அநியாயம் என்று பட்டால் அப்போதே சொல்லலாம். சொன்ன பிறகுதான் அது என்ன காரியம் என்று உறைத்தது. இரண்டு கமிட்டியையும் ஒரே மைதானத்தில் உட்காரவைக்க வேண்டும்.

மிஸ் ஹோல்ம் கேட்டுவிட்டுப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். "கலவரம் நடந்தால் ஜெனீவா நம்மை மூட்டைகட்டச் சொல்லிவிடும். எனக்கு வேறு நாடு தருவார்கள். உனக்கு?"

வீட்டில் அம்மா மூலமாக வந்த அன்றைய வசனம், யோனாவைக் கடலில் தூக்கிப்போட்டது.

ஒன்றரை மாதம் கழித்துப் படம் வந்தது. மிஷன் பள்ளிக்கூட மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கே நடுவில் கயிறு இழுத்து, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கயிற்றோரமாக ஆறு போலீஸ்காரர்கள். ராஜையா மட்டும் கயிற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் பெண்கள். அங்கே கயிறு போய்ச்சேரவில்லை. விஜயம்மாவும் விலாசினியும் ஆளுக்கொரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரே பாயில் இருந்தார்கள். மிஸ் ஹோல்ம் நாற்காலியில், கால் ஸ்டூலில். தூரத்தில் வேப்பமரத்தடியில், வராதவர்போல் வந்து நின்றார் ராஜதாஸ்.

திரையில் சுருள்முடிப் பிள்ளை சிரித்தது.

இடப்பக்கம் எழுந்து நின்றது. "நெத்தியப் பாருலே!" என்று தங்கையன் பக்கத்திலிருந்தவனை உலுக்கினார். "எனக்க அப்பனுக்க நெத்தி! ஆயிரம் பேருக்கு நடுவுல காட்டினாலும் நான் கண்டுபிடிப்பேன்!" அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மூக்கு சப்பை" என்றது வலப்பக்கம். "கண்ணுல ஒரு கள்ளமுண்டு."

பிறகு மொட்டைத்தலைப் பிள்ளை வந்தது.

"அதாணு எண்டெ மோன்!" மோகனன் நாற்காலிமேல் ஏறிவிட்டார். "ஆ மூக்கு! எண்டெ சொந்த மூக்கு!"

"நம்ம பிள்ளைக்க லட்சணம் இதுக்கு உண்டா?" என்றது இடப்பக்கம். "காது ரெண்டும் சொளவு மாதிரி. தலை ஒரு மாதிரி சரிஞ்சு கெடக்கு."

பின்வரிசையில் பெண்கள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். விலாசினி விஜயம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துவிட்டாள். பிள்ளையைத் திரையில் கண்டால் பெற்ற மனசு தாங்காது அல்லவா என்று கிருபாபாய் நினைத்தாள்.

திரை வெள்ளையானது. போலீஸ்காரர்கள் தடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

தங்கையன் எழுந்தார். "எட்டு செகண்டு கூட இருந்தாலும் சாரமில்ல" என்றார் பெருந்தன்மையாக. "கண்ணுள்ளவன் பாத்தா எது நல்ல பிள்ளைன்னு தெரியும். கமிஷனுக்குக் கண்ணுண்டு."

"சத்யம்! கமிஷனு கண்ணுண்டு!" என்றார் மோகனன், கயிற்றுக்கு அந்தப்பக்கமிருந்து.

வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள். இரண்டு கூட்டமும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று முழங்கிக்கொண்டே இரண்டு திசையில் ஊர்வலமாகப் போயின. கயிற்றை ராஜையா சுருட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மிஸ் ஹோல்ம் கிருபாபாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெவ்வேறு நாளில் எடுத்ததா இது? வெளிச்சம், நீளம், குழந்தையின் அசைவு, எல்லாம் என்ன ஒரு பொருத்தம்! இருபது வருடம் செய்தவர்களுக்கும் இது வராது. டெல்லிக்கு இன்றைக்கே எழுதுகிறேன்." பெட்டியைத் திறந்து, இரண்டு குட்டிக் கம்பளிச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார். "நம் இரண்டு நடிகர்களுக்கும் கழகத்தின் பரிசு."

வேப்பமரத்தடியிலிருந்து ராஜதாஸ் மெல்ல நடந்து வந்தார். கிருபாபாயை நேராகப் பார்த்தார். வசனம் எதுவும் சொல்லவில்லை. "டெல்லியில குளிரு காணும். எனக்க கம்பிளிக்கோட்டு உண்டு, கொண்டுபோ" என்றார்.

அவள் அழுதாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஞானபாய் பள்ளிக்கூட வராந்தாவில் பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! ஒண்ணு அமரவிளைக்கு, விஜயம்மாக்க பிள்ளைக்கு. மத்தது விலாசினிக்க பிள்ளைக்கு. நாளைக்குப் போறப்பம் கொண்டு குடுப்பியளா?"

ஞானபாய் கம்பளிச் சட்டைகளை வாங்கி, இரண்டையும் சேர்த்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"அவளுவ ரெண்டு பேரும் பிள்ளையத் தரமாட்டோம்னு அண்ணைக்கே சொல்லியாச்சு மக்கா, ரெண்டு நாளும் குளிச்சது எனக்க மவளுக்க பிள்ளையாக்கும், அதுக்க அப்பன் பெசவாடாத் தெலுங்கன்."